நெல்லிக்கோனையின் ஒன்றாம் எண் படகு

கோவர்த்தனன் செய்த முதல் தப்பு, உதவி கேட்டு வந்தவருக்கு உதவி செய்தது. அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் அந்த ஒரு தப்பைச் சரிக்கட்டப் போய்ச் செய்த தப்புகள்.

ஆந்திராவில், வரதய்யபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நெல்லிக்கோனை நீர்த்தேக்கம் இருக்கிறது. தெற்குக் கரையில் கோவர்த்தனனின் ஊர் கொத்தமேடு, மொத்தம் முப்பது வீடு. வடக்குக் கரையில் தார் ரோடு. அந்த ரோட்டில் காலை ஆறு மணிக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ் வரும், இரண்டு நிமிஷம் நிற்கும், போய்விடும். படகில் போனால் பன்னிரண்டு நிமிஷத்தில் அக்கரை. சுற்றிக்கொண்டு போனால் இருபத்திரண்டு கிலோமீட்டர். நடுவில் பாலமில்லாத ஓடை வேறு.

அந்த பஸ்ஸில் போகிறவள் கோவர்த்தனனின் மகள் யமுனா. கூடவே அதே ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். செல்போனுக்குள்ளே இருக்கிற ஏதோ ஒரு பொடிச் சாமானைப் பொருத்துகிற வேலையில் யமுனா சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் மூன்று தடவை லேட்டாகப் போனால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். வீட்டிலும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வேலையில் இருக்கிறவரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று யமுனா சொல்லியிருந்தாள். வேலை போனால் தை மாதமே நகரி அத்தை மகனுக்குக் கட்டிவைப்பேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அத்தை மகன் கெட்டவன் ஒன்றும் இல்லை. யமுனாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கோவர்த்தனன் தன் பதினான்கடி ஃபைபர் படகில் துடுப்புப் போட்டுத்தான் அக்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மாமரத்திலிருந்து விழுந்து வலது தோள்பட்டை இறங்கின பிறகு அது முடியவில்லை. மகளுக்கு வேலை கிடைத்ததும் சென்னைக்குப் போய் ஓர் எலக்ட்ரிக் மோட்டாரும் பேட்டரியும் வாங்கிவந்து படகின் பின்பக்கம் மாட்டினார். சத்தம் கிடையாது, புகை கிடையாது. பக்கத்தில் போனால்கூடக் கொக்கு பறக்காது.

ஆடி மாதம் ஒருநாள் திருப்பதியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பெயர் பவன்குமார், முப்பத்தைந்து வயதிருக்கும், தேய்த்த சட்டை, தெலுங்கு கலந்த தமிழ், நல்ல சுபாவம். சிறு நீர்க்கலங்கள் பதிவு மையம் என்று புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருப்பதாகவும், நீர்த்தேக்கத்தில் எத்தனை படகு ஓடுகிறது என்று கணக்கெடுக்க வந்திருப்பதாகவும் சொன்னார். அலுவலகத்துக்கென்று படகு இல்லை. கொஞ்சம் அக்கரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்ட முடியுமா என்று கேட்டார்.

கோவர்த்தனன் ஏற்றிக்கொண்டு போனார். ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினார். கரைக்கு வந்து இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். பவன்குமார் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "அருமையா போகுதண்டி. சத்தமே இல்ல" என்றார். பிறகு பையைத் திறந்து, பதிவில்லாத இயந்திரக் கலத்தை ஓட்டியதற்காக ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார்.

"சார், நீங்கதான சார் ஏறிக்கினு வந்தீங்க?"

"அதுதான் இதுல விசேஷம் கோவர்த்தனன்காரு. மத்த கேசுல சாட்சியைத் தேடணும். இதுல நானே உட்கார்ந்தேன், நானே பார்த்தேன். எங்க போனாலும் நிக்கும்."

"இத்தினி நாளு துடுப்பு போட்டுக்கினு போனேன், ஒருத்தரும் கேக்கல சார்."

"துடுப்பு போட்டா எங்களுக்குச் சம்பந்தம் இல்ல. மோட்டார் மாட்டினா அது இயந்திரக் கலம். இயந்திரக் கலம்னா பதிவு. அந்தே, அவ்வளவுதான்."

"அப்ப மோட்டார கயிட்டிடறேன்."

"தாராளமா கழட்டலாம். அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. ஆனா பதிவான கலத்துக்குத்தான் அந்த ஃபாரம் தருவோம்."

அன்றைக்கு மத்தியானமே படகு கரையேறியது. மறுநாளிலிருந்து கோவர்த்தனன் நாலே காலுக்கு எழுந்து, ஒரு பழைய மொபெட்டில் மகளை உட்கார வைத்துக்கொண்டு இருபத்திரண்டு கிலோமீட்டரைச் சுற்ற ஆரம்பித்தார். மற்ற இரண்டு பெண்களும் அண்ணன் தம்பிகளின் வண்டியில் தொற்றிக்கொண்டார்கள்.

திருப்பதியில், அலிபிரிக்குப் போகிற ரோட்டில், ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் இருந்தது அந்தப் பதிவு மையம். முகூர்த்த நாள்களில் தரையிலிருந்து நாதஸ்வரம் வரும். உள்ளே மூன்று நாற்காலி, மூன்று மேஜை. ஆள் என்னவோ பவன்குமார் ஒருவர்தான். ஓரத்தில் தேன்மொழி என்று ஒரு குமாஸ்தா. நகரிப் பக்கத்துப் பெண் என்பதால் கோவர்த்தனனின் பேச்சைக் கேட்டதும் பக்கத்தில் கூப்பிட்டு விளக்கினாள்.

"வாசப்பக்கம் உக்காந்திருந்தா சார் ஆய்வாளருங்க. ஃபேனுக்குக் கீய உக்காந்தா பதிவாளரு. ஜன்னலாண்ட உக்காந்தா மேல்முறையீட்டு அதிகாரி. எங்க உக்காந்துகினு கீறாருன்னு பாத்துட்டுப் பேசுங்க. மாத்திக் கேட்டா கோவம் வரும்."

கோவர்த்தனன் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வாசல்பக்க நாற்காலியில் இருந்த பவன்குமாரிடம் போய்ப் பதிவு பண்ண வேண்டும் என்றார். அதைப் பதிவாளரைக் கேளுங்கள் என்றார் அவர். பதிவாளர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு மூன்று மணிக்கு என்றார். கோவர்த்தனன் பதினோரு மணியிலிருந்து மூன்று மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணி அடித்ததும் பவன்குமார் எழுந்து நான்கு எட்டு நடந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"வாங்க, வாங்க. ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" என்றார்.

ஆய்வாளர் பதிவாளருக்கு எழுதுகிற கடிதம் கையோடு போகக் கூடாதாம். தபாலில்தான் போக வேண்டும். தேன்மொழி அதற்கு ஸ்டாம்பு ஒட்டிக் கீழே தபால் பெட்டியில் போடுவாள். நான்கு நாள் கழித்துத் தபால்காரர் அதே மாடிக்குக் கொண்டுவருவார். ஆய்வாளர் என்ன எழுதியிருக்கிறாரோ என்று பதிவாளர் உறையைக் கிழிக்கிறபோது அவர் முகத்தில் உண்மையிலேயே ஓர் ஆர்வம் தெரியும்.

விண்ணப்பத்தில் எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. இது கரண்டு மோட்டார், தொட்டியே இல்லை என்றார் கோவர்த்தனன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது, சைபர் போட்டால் திட்டும் என்றாள் தேன்மொழி. கடைசியில் ஐந்து லிட்டர் என்று போட்டார்கள். தொட்டி வந்ததும் அடுத்ததாகப் புகைச் சான்றிதழ் கேட்டது.

புகை பார்க்கிற வண்டிக்காரர் மோட்டாரின் பக்கத்தில் குழாயை வைத்தார். மெஷின் ஒன்றும் காட்டவில்லை. பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டு, புகை வந்தால்தான் குறைச்சலா ஜாஸ்தியா என்று சொல்ல முடியும், வராத புகைக்குச் சீட்டு அச்சாகாது என்று குழாயைச் சுருட்டினார். பெட்டிக்கடையில் சாம்பிராணி வாங்கிவந்து கொளுத்தி, குழாய்க்கு முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றினார் கோவர்த்தனன். வண்டிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சீட்டு வந்தது. அளவுக்கு உட்பட்ட புகை என்று அதில் இருந்தது. ஒரு சுத்தமான மோட்டாருக்கு இந்த மாநிலத்தில் அதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

அடுத்தது மிதவைப் பரிசோதனை. படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் பதிவாகாத இயந்திரக் கலம் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதற்காகவே மண்டபத்தின் பின்புறம் சிமெண்டில் ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். அரசாங்கத் தொட்டியில் இறங்கினால் அது இறங்கியதாகாது என்று சட்டத்தில் இருந்தது. மினி லாரியில் படகை ஏற்றிக்கொண்டு கோவர்த்தனன் திருப்பதி போனார். படகு பதினான்கு அடி. தொட்டி பன்னிரண்டு அடி.

பவன்குமார் இரண்டையும் இன்னொரு தடவை அளந்து பார்த்தார். பிறகு படகின் முன்பக்கத்தை மட்டும் தொட்டியில் இறக்கச் சொன்னார். நான்கு பேர் பின்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டார்கள். அதில் ஒரு தோள் கோவர்த்தனனின் இறங்கிய தோள். முன்பாதி நன்றாக மிதக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

"பின்பாதி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் கோவர்த்தனன்.

"அது தனி விண்ணப்பம்."

இரண்டு பாதியும் மிதந்து முடிய ஆவணி போயிற்று. முடிகிறவரை படகு சீல் வைத்த பொருள் என்று மண்டபத்தின் பின்புறத்திலேயே கிடந்தது. கல்யாணச் சமையல்காரர்கள் அதில் வாழையிலைக் கட்டு வைத்திருந்தார்கள்.

புரட்டாசியில் பாதுகாப்பு வாரம் வந்தது. கோவர்த்தனன் அன்றைக்குத் தற்செயலாகப் போயிருந்தார். மண்டபத்திலிருந்து மைக் இரவல் வாங்கி, மூன்று மேஜைக்கும் நடுவில் நின்று பவன்குமார் பேசினார். கேட்பதற்குத் தேன்மொழியும் கோவர்த்தனனும் இருந்தார்கள்.

"இந்த மையம் திறந்து பதினாலு மாசம் ஆகுது. இந்தப் பதினாலு மாசத்துல பதிவு பெற்ற படகு எதுவும் விபத்துக்குள்ளாகல. ஒண்ணுகூட இல்ல. மத்த மாவட்டத்துல இப்படிச் சொல்ல முடியுமா? அங்கெல்லாம் அவசரப்பட்டுப் பதிவு பண்ணிக் கொடுத்துடறாங்க. கொடுத்தா ஓட்டுவாங்க. ஓட்டினா எதாவது நடக்கும். நாம அந்தத் தப்பப் பண்ணல. நமக்கு வந்த விண்ணப்பம் ஒண்ணு. பதிவானது சைபர். இந்தப் பேர நாம காப்பாத்தணும்."

தேன்மொழி கைதட்டினாள். அந்த ஒன்று தாம்தான் என்று புரிந்தபோது கோவர்த்தனனுக்கு அழுவதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. அவரும் கைதட்டினார். மூன்று பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதே வாரத்தில் மொபெட் பஞ்சராகி யமுனாவுக்கு முதல் லேட் விழுந்தது. ஐப்பசி மழையில் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து இரண்டாவதும் விழுந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

"இன்னும் பத்து நாளுதான் நைனா கீது. இன்னொரு வாட்டி லேட்டானா ஐடி கார்டப் புடுங்கிப்பாங்க. அம்மா இப்பவே நகரிக்கு போன் போட்டுப் பேசினுகீது."

"முடிச்சிட்றேம்மா. நீ துன்னு."

"நாலு மாசமா இதத்தான் சொல்ற."

அது உண்மை. அதனால்தான் அவருக்கு வலித்தது. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனவர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி, இது மட்டும் முடிந்தால் முடி கொடுக்கிறேன் ஏழுமலையானே என்று வேண்டிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது எதிரே தேன்மொழி நின்றிருந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிச்சிங்க. நாளைக்கி வந்து மெஷினுக்கு மூஞ்சக் காட்டினீங்கன்னா சர்டிபிகேட் வந்துடும்."

வேண்டுதல் இவ்வளவு சீக்கிரம் பலித்து கோவர்த்தனன் பார்த்ததில்லை. கடனை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கிருந்து நேராக அலிபிரிக்கு நடந்தார். படியேறி மலைக்குப் போய், முடி கொடுத்து, குளித்து, சாமி பார்த்து, லட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பத்து மணிக்கு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

முகம் பொருந்தவில்லை என்றது மெஷின்.

தள்ளி நின்றார். கிட்ட நின்றார். சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பொருந்தவே இல்லை. ஃபேனுக்குக் கீழே இருந்த பவன்குமார் லட்டுவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"விண்ணப்பம் போட்டவர் முடி உள்ள கோவர்த்தனன். நீங்க முடி இல்லாதவர். அவர நேர்ல வரச் சொல்லுங்க."

"நாந்தான் சார் அது. நேத்து மொட்ட அடிச்சிக்கினேன்."

"உங்கள எனக்குத் தெரியாதா? உங்க படகுல வந்திருக்கேன், உங்க இளநீர் குடிச்சிருக்கேன். எனக்குத் தெரிஞ்சி பிரயோஜனம் இல்லையே. அதுக்குத் தெரியணும்" என்று மெஷினைக் காட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே அலிபிரி ரோட்டில் நாலு பேருக்கு ஒருவர் மொட்டையாகப் போய்க்கொண்டிருந்தார். குடும்பம் குடும்பமாக மொட்டை. கோவர்த்தனன் அதைக் காட்டி, இந்த ஊரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு மொட்டைக்கு ஒரு வழி இல்லையா சார் என்று கேட்டார். பவன்குமார் எட்டிப் பார்த்தார். அவர்களில் யாரும் படகுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் இல்லையே என்றார்.

"எடுத்த முடி இருக்கா?"

"சாமிக்குக் குடுத்துட்டேன் சார்."

"அப்ப அது சாமியோடது. கேட்டு வாங்க முடியாது. முளைக்கட்டும். மூணு மாசத்துல வாங்க. மேல்முறையீடு பண்ணறதுன்னா பண்ணுங்க, அவர் ஜன்னல்பக்கம் நாலு மணிக்கு வருவார். ஆனா எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவர் ரொம்பக் கண்டிப்பானவர்."

ஊருக்குத் திரும்பி வந்து கோவர்த்தனன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி தலையைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்டாள், பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே போய் நகரிக்கு போன் போட்டாள். யமுனாதான் யோசித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு முனியப்பன் வீட்டுக்குப் போனாள். முனியப்பன் பகலில் ஏரியில் மீன் பிடிக்கிறவர், திருவிழா நாள்களில் கூத்தில் ராணி வேஷம் கட்டுகிறவர். அவரிடமிருந்து இடுப்புவரை நீண்ட டோப்பா ஒன்றை வாங்கிவந்து அப்பாவின் மடியில் போட்டாள்.

"இத மாட்டிக்கினு போ. வெட்டக் கூடாதாம். சட்டைக்குள்ள சொருகிக்கோ."

மறுநாள் மெஷினுக்கு முன்னால் நின்று, பவன்குமாரும் தேன்மொழியும் பார்க்கப் பார்க்க, பையிலிருந்து டோப்பாவை எடுத்து மாட்டிக்கொண்டார் கோவர்த்தனன். கீழே தொங்கிய முடியைக் காலருக்குள் திணித்துக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ராணியின் முடியோடு சர்க்கார் ஆபீசில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

வணக்கம் கோவர்த்தனன் என்றது மெஷின்.

பவன்குமார் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூடண்டி, பாருங்க, நேர்ல வந்தா எவ்வளவு சுலபமா முடியுது. நேத்து யாரோ வந்து தகராறு பண்ணிட்டுப் போனாங்க" என்றார். கோவர்த்தனன் டோப்பாவைக் கழற்றிப் பையில் வைத்த பிறகும் அவர் கையை விடவில்லை.

பச்சைத் தாளில் சான்றிதழ் வந்தது. பதிவு எண்: ஒன்று. அதோடு மஞ்சள் தாளில் இன்னொன்றும் வந்தது. மாவட்டத்தில் பதிவு பெற்ற சிறு இயந்திரக் கலம் இது ஒன்றுதான் என்பதாலும், பதிவில்லாத கலங்களைப் பிடிப்பதற்குப் பதிவான கலத்தில்தான் போக வேண்டும் என்பதாலும், மேற்படி கலம் அலுவலகத்தின் ஆய்வுப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேற்படி கோவர்த்தனன் அதன் கௌரவ சாரங்காக நியமிக்கப்படுகிறார்.

"சாரங்குன்னா?"

"கேப்டன் மாதிரி. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு."

"இது என் பொண்ணு வேலைக்கிப் போறதுக்கு வாங்கின மோட்டாரு சார். அதுக்குத்தான் நாலு மாசமா நடந்துகினு கீறேன்."

"வேண்டாம்னா எழுதிக் கொடுங்க. பதிவ ரத்து பண்ணிடலாம். படகு இங்கயே இருக்கும்."

எழுதிக் கொடுக்காமல் படகை ஏற்றிக்கொண்டு வந்தார். ஊருக்கு வந்தால் எப்படியாவது பேசிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பின்னாலேயே பவன்குமாரும் வந்தார். ஆய்வுக் கலம் நிற்கிற இடம்தான் முகாம் அலுவலகமாம். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. ஓடை நிரம்பிப் பாதை அறுந்தது. போக வழியில்லாமல் பவன்குமார் கோவர்த்தனன் வீட்டிலேயே தங்கினார். யமுனாவின் அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். யமுனா பரிமாறினாள். பவன்குமார் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார்.

யமுனாவின் ஆறு மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்கு மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. பதிவில்லாத படகுகள் விடியற்காலையில்தான் ஓடும் என்று பவன்குமார் படகில் ஏறி உட்கார்ந்து குடையை விரித்தார். பதிவோடு அலுவலகம் கொடுத்த எட்டு உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் பாலிதீன் உறை பிரிக்காமல் பலகைக்கடியில் இருந்தன. கோவர்த்தனன் மோட்டாரைப் போட்டு நூறு கஜம் போயிருப்பார், இடப்பக்கம் தண்ணீரில் ஏதோ அசைவது தெரிந்தது.

முனியப்பனின் தெப்பம் அது. உர மூட்டைகளில் தெர்மாகோலை அடைத்து வலையால் கட்டியது, ஒற்றை ஆள் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கானது. அதில் மூன்று பெண்கள் மண்டியிட்டிருந்தார்கள். இரண்டு பேர் சாப்பாட்டுப் பைகளைத் தலையில் வைத்துப் பிடித்திருக்க, நடுவில் யமுனா ஒரு பலகையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. கோவர்த்தனன் பவன்குமாரின் பக்கம் திரும்பினார்.

"சார், எம்பொண்ணு சார். ராத்திரி உங்களுக்கு சோறு போட்டுச்சே, அதுதான். ஏத்திக்கினு போயிடலாம்."

"ஆய்வுக் கலத்துல ஆய்வாளரும் சாரங்கும் மட்டும்தான். மத்தவங்க ஏறினா அது பயணிகள் கலம் ஆயிடும். அதுக்குப் பதிவு வேற."

"அப்ப அந்தத் தெப்பத்தயாவது நிறுத்தித் திருப்பி அனுப்புங்க சார். கவுந்துடும்."

பவன்குமார் குடையைச் சாய்த்துத் தெப்பத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"அதுல மோட்டார் இருக்கா?"

"இல்லீங்க."

"மோட்டார் இல்லாதத நான் எப்படி நிறுத்த முடியும்? எங்க சட்டத்துக்கு அப்படி ஒண்ணு தண்ணியில இல்லவே இல்ல கோவர்த்தனன்காரு. இல்லாதத நிறுத்தினேன்னு எழுதினா மேல என்னக் கேப்பாங்க."

நான்கு மாதமாக வராத கோபம் அப்போதுதான் கோவர்த்தனனுக்கு வந்தது. கத்தவில்லை. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். தெப்பத்தின் பக்கமாகப் போய், படகு கட்டுகிற கயிற்றை எடுத்து யமுனாவிடம் வீசினார். அவள் அதைப் பிடித்து வலையில் முடிந்துகொண்டாள். மோட்டார் மெல்ல இழுத்தது. தெப்பம் பின்னாலேயே வந்தது.

"அது என்ன கயிறு?" என்றார் பவன்குமார்.

"படகு கட்டற கயிறுதாங்க."

"அந்தப் பக்கம் என்ன கட்டியிருக்கு?"

"நீங்கதான சார் சொன்னீங்க, அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு."

பவன்குமார் நேர்மையான மனிதர், சொன்ன சட்டத்தை மாற்றிச் சொல்லமாட்டார். பையிலிருந்து நோட்டை எடுத்து, இழுவை: இல்லை என்று எழுதிக்கொண்டு முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்குத் தெப்பம் வடக்குக் கரையில் முட்டியது. இடுப்புக்குக் கீழே நனைந்துபோயிருந்த மூன்று பெண்களும் சேற்றில் வழுக்கி வழுக்கி மேலே ஏறி ஓடினார்கள். பஸ் ஹார்ன் அடித்தது. யமுனா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிப் போகிற வரைக்கும் கோவர்த்தனன் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவில்லை.

அந்த ஆறு நாளும் அப்படியே போயிற்று. யமுனாவுக்கு வேலை நிரந்தரமானது. அவள் அம்மா நகரிக்கு போன் போடுவதை நிறுத்திவிட்டாள். ஓடைத் தண்ணீர் வடிந்து பாதை திறந்தும் பவன்குமார் முகாமை எடுக்கவில்லை. கோழிக்குழம்பு ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைக்கும் விடியற்காலை ஐந்தரைக்கு அந்தப் படகு கிளம்புகிறது. அதிகாரி குடையோடு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எட்டு ஜாக்கெட்டுகளும் உறைக்குள் இருக்கின்றன. பின்னால் கயிற்றின் நுனியில், தெர்மாகோல் மூட்டைகளின்மேல், நனைந்துகொண்டே மூன்று பெண்கள் வருகிறார்கள். கரைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பவன்குமார் நோட்டைத் திறந்து, நீர்த்தேக்கம் முழுவதும் பார்வையிடப்பட்டது, எவரும் காணப்படவில்லை என்று எழுதி, சாரங்கு கையெழுத்துக்காகப் பின்னால் நீட்டுகிறார். கோவர்த்தனன் கயிற்றைக் காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, கையெழுத்துப் போடுகிறார்.